இருவர் மிதிக்கும் வண்டி

1

இந்தக் கதை எனக்கு விழுப்புரத்தில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. மகளின் சைக்கிளுக்கு டியூப் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு செயினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க. ரெண்டையும் ஒண்ணா சேக்கணும்" என்றாள்.

"அவ்ளோ நீட்டு செயின் போடற வண்டியே கெடையாதும்மா" என்றார் கடைக்காரர்.

"இனிமேதான் வரப்போவுது" என்றாள் அவள்.

அவளுக்குத் திண்டிவனம் போகவேண்டும்; நானும் அங்கே போகவேண்டியவன்தான். அதே பஸ். நான் கதை எழுதுகிறவன் என்றும், அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பம் என்றும் சொன்னேன். "எழுதி இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன்.

பாதிக் கதையை அந்த பஸ்ஸில் கேட்டேன். மீதிப் பாதி அப்போது நடந்திருக்கவே இல்லை. நடந்து முடிந்தபின் அவர்கள் வீட்டில் கேட்டேன், அவளிடமும் அவள் அண்ணனிடமும். லூசியா, ஜெனித் என்பவை நான் வைத்த பெயர்கள். ஊர்ப்பெயர்களை மாற்றவில்லை. மாற்றினால் வெயில் மாறிவிடும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஜெனித்துக்குக் கண் போய்க்கொண்டிருந்தது." [லூசியா இதைப் படித்துவிட்டு, "போய்க்கினு இருக்குதுன்னு எழுத அது பஸ்ஸா சார்? இன்னும் இருக்குதில்ல, அத்த எழுதுங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.]

"விழித்திரையின் ஓரங்களிலிருந்து இருள் மெல்ல உள்நோக்கி நகரும் ஒரு பரம்பரை நோய் உண்டு, அதற்கு" [ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய காகிதம் போல இருக்கிறது.]

"மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்ற அந்தப் பழைய சைக்கிள், காலத்தின்" [முடிக்க வெட்கமாக இருந்தது.]

ஆகவே ஒரு பெடலிலிருந்து தொடங்குகிறேன்.

3

லூசியாவுக்கு அந்தப் பெடல் கழலவில்லை. தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எத்தனையோ பேரின் நரம்பை முதல் குத்திலேயே பிடித்துவிடுகிற கை. அந்தக் கைக்கு ஒரு பெடல் அடங்கமாட்டேன் என்றது. ஸ்பேனரை மாட்டி, சுவரில் கால் ஊன்றி இழுத்தாள். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியின் தோல் பிய்ந்ததுதான் மிச்சம்.

அவள் சைக்கிளைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். மட்கார்டு வந்தது, கேரியர் வந்தது, துருவேறிய ஸ்போக்ஸ் வந்தது. இடதுபக்கப் பெடல் மட்டும் வரவில்லை.

உள்ளே இருந்து ஜெனித்தின் குரல் கேட்டது. "லூசி, அந்தப் பக்கத்து மரை உல்ட்டா. பின்பக்கமா திருப்பு."

அவள் திருப்பினாள். கழன்றது.

வாரக்கணக்கில் அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. 'சாப்பிட்டியா', 'ம்'. 'மாத்திரை போட்டியா', 'ம்'. அந்த வீட்டில் அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பழைய சைக்கிளைப் பிரித்ததே, தான் வேலைக்குப் போய்வர ஒரு வண்டியாகட்டும் என்றுதான். அண்ணனின் குரல் கேட்டதும், கையில் பெடலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது தனக்கான வண்டி இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

ஜெனித் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வருவான். ஒரு மாலை, இறங்கிய பிள்ளை ஒன்று வேனின் முன்பக்கமாகச் சுற்றிக் குறுக்கே வந்தது. எதிரே நின்ற தாய் கத்திய பிறகுதான் அவன் பிரேக்கை மிதித்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்று சிரித்ததாம். மற்றவர்கள், 'பிள்ளைங்கன்னா அப்படித்தான்' என்று சொல்லிக் கலைந்தார்கள். ஜெனித்துக்கு மட்டும் தெரியும், அந்தப் பிள்ளை அவன் கண்ணில் படவே இல்லை என்று. மறுநாள் காலை வேன் முதலாளியின் வீட்டுக்கு நடந்துபோய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம்தான் புதுச்சேரியில் காட்டி, நோயின் பெயர் தெரிந்தது.

(இது எப்படிப்பட்ட பார்வை என்று ஜெனித் எனக்குச் சொன்னது: "ஒரு பைப்பைக் கண்ல வெச்சுக்கினு பாருங்க சார். நேரா இருக்கற பொடி எழுத்துகூட படிப்பேன். பக்கத்துல யானை வந்தா தெரியாது. பைப்பு வருசத்துக்கு வருசம் சின்னதாவும்.")

4

ஒரு சைக்கிளை இரண்டு பேர் மிதிக்கும் வண்டியாக்குவது என்றால், ஒன்றை வெட்டி இன்னொன்றின் முன்னால் ஒட்டவேண்டும். காயலான் கடையில் இன்னொரு சட்டகம் கிடைத்தது. ஒட்டுவதற்கு சகாயராஜிடம் போனாள். ஊரில் பாதி வீடுகளின் இரும்புக் கேட் அவர் அடித்ததுதான்.

"கேட்டுன்னா நிக்கிற எடத்துல நிக்கும்மா. இதுல ஆளு ஏறும். நடுவுல வுட்டுக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது? வேற ஆளப் பாரு."

"வேற ஆளுங்கள பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் செய்தார். முதல் ஒட்டு கோணிக்கொண்டது. பின்சக்கரம் ஒரு பக்கமும் முன்சக்கரம் ஒரு பக்கமும் பார்த்தன. மறுபடி வெட்டி, நூல் பிடித்து, குறுக்கே ஒரு குழாயை வைத்து இரண்டாம் முறை ஒட்டினார். முன்சீட்டின் தண்டிலேயே பின்னால் இருப்பவருக்கு ஒரு ஹேண்டில் பார். அது திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்.

பெயிண்ட் என்ன நிறம் என்று லூசியா கேட்டபோது ஜெனித், "மஞ்ச" என்றான். அவன் ஓட்டிய வேனின் மஞ்சள். அவள் வேறு ஏதாவது சொல்லிப் பார்த்தாள். அவன் விடவில்லை. வாசலில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டதும் பிரஷ் பிடித்ததும் அவன்தான். சட்டகத்தைத் திருப்பித் திருப்பித் தன் பார்வைக்குள் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து முடித்தான்.

முதல் நாள் ஏறியதும் விழுந்தார்கள். அவள் வலதுகாலால் மிதிக்க, அவன் இடதுகாலால் மிதித்தான். தெருவில் சிரித்தவர்களும் உண்டு. போகப்போகப் பிடிபட்டது. லூசியா முன்னால், ஜெனித் பின்னால். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மயிலம் ரோட்டில் போய்வந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட காட்டைத் தாண்டும்போது, "புடுங்கிட்டாங்களா?" என்று கேட்பான். "புடுங்கிக்கினு இருக்காங்க" என்று இவள் முன்னால் பார்த்தபடியே சொல்வாள். வீட்டில் மறுபடி பேச்சு ஓடியது.

[முதல் முடிவு. இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை. வாசகர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். நானும் அன்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். லூசியாவும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாளாம்.]

5

ஒரு ஞாயிறு, வண்டியை வெளியே எடுக்கும்போது ஜெனித் சொன்னான்: "இன்னிக்கு நான் முன்னாடி குந்தறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு தபா லூசி. ரோட்டுல இல்ல. பிளாட் போட்டிருக்கானே, அந்த எடத்துல. ஆளே கெடையாது அங்க."

"வேணாம்ணா."

"அப்புறம் கேட்டா முடியாது. இப்பதான் கேக்க முடியும்."

"எதுனா ஆச்சுன்னா?"

"ஆவட்டும்னு சொல்லல. முடியும்னு தோணுது, அதான் கேக்கறேன்."

"நீயே சாவியக் குடுத்துட்டு வந்தவன்தானே?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. அவன் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு மெல்லக் கேட்டான். "நீ எனக்கு சைக்கிள் செஞ்சியா, இல்ல என்னைத் தூக்கிக்கினு போறதுக்கு கேரியர் செஞ்சியா?"

அன்று அவர்கள் எங்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

6 (கதையைத் தொடராத பகுதி, அவசரக்காரர்கள் தாண்டிப்போகலாம்)

இந்த இடத்தில் நான் ஜெனித்தை நம்பவில்லை. யாரும் கேட்காமலே வேன் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், தன் தங்கையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கக் கேட்பானா? இரண்டும் ஒரே மனிதன் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை. ஒன்றை வெட்டி இன்னொன்றை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். சாவி கொடுத்ததை வெட்டினால் அவன் முரடனாகிவிடுகிறான். முன்சீட்டை வெட்டினால் சாதுவாகிவிடுகிறான். லூசியாவிடம் சொன்னேன்.

"உங்க கதைக்கு ஒட்டலன்னா நான் இன்னா சார் பண்றது? அண்ணன் கேட்டுச்சே" என்றாள்.

ஜெனித்திடமே கேட்டேன். என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வேன்ல இருந்த புள்ளைங்களுக்கு என் கண்ணப் பத்தி இன்னா தெரியும் சார்? அதுங்களக் கேட்டா ஏத்துனேன்? லூசிக்கு எல்லாம் தெரியும். எனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு என்னைவிட அவளுக்குத் தெரியும். தெரிஞ்சு வேணாம்னு சொல்லக்கூடிய ஆளுகிட்டதானே சார் கேக்க முடியும்?"

இதற்குப் பிறகு என் சந்தேகத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

7

மூன்றாவது ஞாயிறுக்கு முன்தினம் லூசியா, "நாளைக்குப் போலாம். நீ முன்னாடி" என்றாள். ஜெனித் அன்று ராச்சோற்றை முழுக்கச் சாப்பிட்டான்.

அவனிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அன்று மதியம் வண்டியைத் தனியாக எடுத்துப்போய், பின் ஹேண்டிலில் ஒரு பிரேக் பிடி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கம்பி.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில் விளைநிலத்தைக் கூறுபோட்டு நுழைவில் அலங்கார வளைவு வைத்து, உள்ளே தார்ச்சாலையும் போட்டுவிட்டு, வீடு மட்டும் வராத மனைகள் நிறைய உண்டு. எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கும்; ஆடு மேயும். வளைவு வரைக்கும் லூசியா ஓட்டினாள். அங்கே இறங்கி இடம் மாறினார்கள். ஜெனித் முன்னால் ஏறி, இரண்டு கால்களையும் ஊன்றி வண்டியைத் தாங்கிப் பிடித்தான். அவள் பின்னால் ஏறினாள். பின்சீட்டில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. அண்ணனின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று சொன்னாள். சாலையைப் பார்க்கப் பக்கவாட்டில் எட்டவேண்டியிருந்தது.

"நானா கேக்காம எதுவும் சொல்லாத" என்றான்.

மிதித்தார்கள். முதலில் தள்ளாடியது, பிறகு நேரானது. அவன் தலை இப்படியும் அப்படியுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, சாலையின் இரண்டு ஓரங்களையும் மாறிமாறிப் பொறுக்கிச் சேர்ப்பதுபோல. முதல் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து அழகாகத் திருப்பினான். லூசியா வாயைத் திறக்கவில்லை. கையைப் பிரேக்கிலிருந்து எடுக்கவும் இல்லை.

நீளச் சாலை வந்ததும் அவன் வேகம் கூட்டினான். அவளும் சேர்ந்து மிதித்தாள். காற்று காதில் அடித்தது. அப்போது அவள் எட்டிப் பார்த்தாள். தூரத்தில், இடதுபக்க எல்லைக் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆடு சாலையில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

அவன் வேகம் குறையவில்லை. அவள் எண்ணிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. பிடித்து அழுத்திவிட்டாள்.

பின்சக்கரம் கத்திக்கொண்டு இழுபட்டது. வண்டி ஒருபக்கம் சரிந்து, ஜெனித் காலை ஊன்றிக் கீழே விழாமல் பிடித்தான். ஆடுகளுக்கும் அவர்களுக்கும் நடுவே இன்னும் நிறைய இடம் இருந்தது. இரண்டும் நிதானமாகக் கடந்துபோயின.

ஜெனித் இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது லூசி" என்றான். "ரெண்டு ஆடு. பெல்லு மேல வெரல் வெச்சிருந்தேன்."

அவள் பார்த்தாள். அவன் கட்டைவிரல் இன்னும் மணியின் மேலேயே இருந்தது.

அவன் கையைப் பின்னால் நீட்டி, அவள் ஹேண்டிலைத் தடவி, பிடியைக் கண்டுபிடித்தான். "இத்த எப்ப வெச்ச?"

"நேத்து."

"சொல்லியிருந்தா நானே மாட்டியிருப்பேன்."

அவள் அழுதாள். ரத்தம் எடுக்கும்போது குழந்தைகள் அழுவதைத் தினமும் பார்க்கிறவள். தான் அழுது நாளானதாகச் சொன்னாள். அவன் முன்னால் பார்த்தபடியே, அவள் முடிக்கும் வரை வண்டியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

8

இதற்கு அப்புறம் நடந்ததை இருவரும் வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள்.

லூசியா சொன்னது: அவள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பிரேக்கைக் கழற்றப் போனாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து, "இருக்கட்டும். ஒரு நாள் வேணும். இன்னிக்கு வேணாம், அவ்ளோதான்" என்றது.

ஜெனித் சொன்னது: "கழட்டிட்டா சார். கம்பியோட உருவி எல்லைக் கல்லு மேல வெச்சா. நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. அப்புறம்தான் மறுபடி நான் ஓட்டுனேன்."

ஒன்றை மட்டும் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: வெயில் ஏறும் வரை அந்த மனைச் சாலைகளில் சுற்றினார்கள், ஜெனித் முன்னால், லூசியா பின்னால். வளைவுக்கு வந்ததும் அவனாகவே இறங்கிப் பின்சீட்டுக்குப் போனான்.

இன்றும் ஞாயிறுதோறும் போகிறார்கள். அந்த மனைகளில் வீடு எழும்பத் தொடங்கிவிட்டது. மணல் லாரி வருகிறது. பைப்பும் சின்னதாகிக்கொண்டே வருகிறது. இன்னும் எத்தனை ஞாயிறு அவன் முன்னால் உட்காருவான் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதில்லை.

கடைசியாகப் போனபோது வண்டியைப் பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட் அங்கங்கே திட்டுத்திட்டாக, கை போன வழியெல்லாம் தெரிந்தது. பின் ஹேண்டிலையும் பார்த்தேன். அதில் பிரேக் இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருவர் சொன்னது பொய், அல்லது ஒருவர் மற்றவருக்காக மாற்றிச் சொல்லியிருக்கிறார். எது என்று எழுதினால் இருவரில் ஒருவரை நான் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்.

அதை எழுதப்போவதில்லை. நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் ஒரு முதுகு. அதற்கு அப்பால் சாலை தெரியவில்லை. வண்டி வேகம் எடுக்கிறது. உங்கள் கை எங்கே இருக்கிறது?