இரண்டு வட்டம், அம்பு கிடையாது

எங்கள் ஊர் நகரமன்றக் கட்டடத்தில் வழி தெரியாமல் முழிப்பவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்ட வேண்டும். வழிகாட்டிப் பலகைகளை வடிவமைத்த மகானுபாவன் நான்தான். ஆஸ்திரியர் காலத்துப் பட்டாளக் கொட்டடி அது; ஒரே அச்சில் வார்த்தாற்போல் மூன்று மாடிப்படிகள். நான் அம்புக்குறி ஒன்றுகூடப் போடவில்லை. ‘அம்பு என்பது அதிகாரம், மனிதன் வழியைத் தானே உணர வேண்டும்’ என்று விளக்கவுரையில் எழுதிவைத்தேன். சாம்பல் சுவரில் வெளிர்சாம்பல் குறிகள். கல்யாணக் கூடத்துக்கு ஒட்டி நிற்கும் இரண்டு வட்டம். குடிநீர்ப் பிரிவுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் இரண்டு வட்டம். அத்தனையையும் தலைநகர் ஸாக்ரெபில் என் அறையில் உட்கார்ந்து, கட்டட வரைபடத்தைப் பார்த்தே முடித்துவிட்டேன்.

வாசலில் காவலுக்கு இருக்கும் யாத்ரங்கா அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தில் சிவப்பு மார்க்கரால் ‘கல்யாணம் இப்படி’ என்று எழுதி, கோணலாக ஓர் இதயமும் தடியாக ஓர் அம்பும் வரைந்து, என் பலகைகளின் மேலேயே ஒட்டிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, விருதுக்கு அனுப்பப் படம் எடுக்க ஆள் வந்தார். காகிதங்களையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

“தம்பி, நாளைக்கு ஆறு கல்யாணம் இருக்கு,” என்றார் யாத்ரங்கா அம்மா.

“யாரும் தொலைஞ்சு போயிட மாட்டாங்கம்மா. பார்த்தாலே புரியும்.”

“எனக்குப் புரியலையே.”

“நீங்க டிசைனர் இல்லையே.”

அதைச் சொன்ன வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆறில் ஒன்று என் தங்கை வெட்ரானாவின் கல்யாணம். நான்தான் அவளுக்குக் கூம், அதாவது கல்யாணச் சாட்சி; பெண்ணென்றால் கூமா என்போம். எங்களில் கூம் என்றால் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவன் இல்லை; சாகும்வரை சொந்தம், பிறக்கும் பிள்ளைக்கும் சொந்தம். எட்டு வயதிலேயே அவள் என்னிடம் சத்தியம் வாங்கிவைத்திருந்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக் கல்யாணத்துக்குப் பத்தரைக்கே போய்விட்டேன். நேராக மேலே போயிருக்கலாம். புத்தி விடுமா? காலை வெளிச்சத்தில் என் பலகைகள் எப்படி இருக்கின்றன என்று கைபேசியில் படமெடுத்துக்கொண்டே நடந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எந்தப் படிக்கட்டில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. மணி பதினொன்றாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. இரண்டு வட்டம் தெரிந்தது, ஓடினேன். பூட்டிக் கிடந்த குடிநீர்ப் பிரிவு. அடுத்த மாடிப்படியில் இறங்கினால் பழைய கோப்புக் கிடங்கு. அந்தத் தடிச் சுவருக்குள் சிக்னலும் இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

மூன்றாவது மாடிப்படியில் ஒருவன் கோட்டும் பூங்கொத்துமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பதினொன்றரைக் கல்யாணத்து மாப்பிள்ளை.

“அண்ணே, கல்யாணக் கூடம் எந்தப் பக்கம்?”

“நானும் அதைத்தான் தேடுறேன்.”

“இந்தப் போர்டை எந்த விளங்காதவன் வச்சானோ.”

“சரியான விளங்காதவன்தான்,” என்றேன்.

அப்போது மேலே எங்கோ கைதட்டல் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஏறினோம். நான் கதவைத் திறக்கவும் பதிவாளர் பதிவேட்டை மூடவும் சரியாக இருந்தது. யாத்ரங்கா அம்மா பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

“கால்மணி நேரம் காத்திருந்தோம்ணா,” என்றாள் வெட்ரானா. “அடுத்த கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டாங்க. எங்க எல்லாரையும் கையப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தது இவங்கதான். அதான் இவங்களையே கூமாவா வச்சுக்கிட்டேன்.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“மன்னிச்சிடும்மா.”

“சாப்பிட வா. தனியா வராத, கூமாகூட வா.”

கீழே வந்தோம். யாத்ரங்கா அம்மா விருந்துக்குக் கிளம்ப, மேசையில் இருந்த தன் கோட்டை எடுத்தார். மதியத்துக்கு மேல் இன்னும் நான்கு கல்யாணம் பாக்கி; கைப்பிடித்துக் கூட்டிப்போக அவரும் இருக்க மாட்டார்.

“அந்த மார்க்கரைக் கொடுங்கம்மா,” என்றேன்.

ஒரு தாளை எடுத்து ‘கல்யாணம் இப்படி’ என்று எழுதினேன். அம்பும் போட்டேன். பழக்கதோஷம், நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, நடுவில் சின்னதாக எழுதியிருந்தேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார் என் தங்கையின் கூமா.

“பெருசா எழுது தம்பி,” என்று இன்னொரு தாளை நீட்டினார்.