பார்த்தாச்சு

காலையில் புரண்டு படுத்ததும், நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி சுற்றியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு இருபது வரை எண்ணினாள். திறந்தபோது விசிறி நின்றிருந்தது. பத்து நாளாக இதே கூத்து. தலையை அண்ணாந்தால் போதும், உலகமே ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இன்னைக்கும் சுத்துதா?" என்றார் கணவர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்ட போலாம்னா காதுலயே வாங்க மாட்டேங்கற. கயித்துல மட்டும் தொங்கித் தொலைக்காத."

"நான் எங்க தொங்கப் போறேன்? மொட்டை மாடியில நின்னு கத்தற வேலைதானே எனக்கு."

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் இருந்தது. 'தலைசுற்றல்' என்று ஒருவர் சீட்டில் எழுதிவிட்டால் உயரத்தில் செய்யும் வேலை அதோடு சரி. உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கிற கூட்டத்தில் பதினாறு வருடம் பாடுபட்டு, மேற்பார்வைக்கு வந்தவள் அவள். எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஏழு வயது மூத்தவரான வாத்தியாருக்கும் அக்காதான். அவர் பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போனவரில்லை. எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை விளக்குவார், அதனால் அந்தப் பெயர்.

அவர்கள் அலுவலகச் சுவரில் ஒரு படம் உண்டு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஓர் ஆள், கீழே 'உங்கள் நலமே எங்கள் பலம்' என்ற வாசகம். அதற்கு நேர் கீழே தண்ணீர் கேன், பெரும்பாலும் காலியாக. நிர்வாகத்தின் அக்கறை அந்த அளவில் இருந்தது. நிஜமான அக்கறையை அக்காதான் ஒரு மரப்பலகையில் ஆணி அடித்துக் கொண்டுவந்தாள். மேலே ஒரு வரிசை பச்சை ஆணி, கீழே ஒரு வரிசை மஞ்சள் ஆணி. காலையில் வந்ததும் அவரவர் பெயர் எழுதிய தகர வில்லையை மாட்ட வேண்டும். பச்சையில் மாட்டினால் கயிற்றில் இறங்கத் தயார். மஞ்சளில் மாட்டினால் இன்றைக்கு மாடியிலோ தரையிலோ வேலை. காய்ச்சலோ, வீட்டில் சண்டையோ, தூக்கமில்லையோ, யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் காய்ச்சலோடு கயிற்றில் இறங்கினார். "உடம்பு எப்படி இருக்கு?" என்று அன்றைய மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். கூட்டத்தின் நடுவில் யார்தான் முடியவில்லை என்று சொல்வார்கள்? நான்காவது மாடியிலிருந்து விழுந்து இடது காலை இழந்தார். பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவள் அக்கா. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

ஆணி வந்த பிறகு ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதைவிட வேடிக்கை, வேலையும் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஆனால் மேலாளருக்கு அது ஏறவில்லை. அவருக்குப் பட்டப்பெயர் அவசரம். நாளை முடிய வேண்டிய வேலை அவருக்கு நேற்றே முடிந்திருக்க வேண்டும்.

அன்று பதினான்கு மாடிக் கட்டடத்தில் கடைசி நாள். அவசரம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடியணும். முடியலைன்னா உன் மஞ்சள் ஆணியெல்லாம் பிடுங்கிக் குப்பையில போட்டுருவேன். நோஞ்சான் பசங்களுக்குத் தொட்டில் கட்டற இடம் இல்ல இது." நாலு பேர் கயிற்றில் இறங்கினால்தான் ஐந்து மணிக்கு முடியும். இருந்தது நாலே பேர்: வாத்தியார், அண்ணன், தம்பி, பல்லி. அண்ணனும் தம்பியும் கூடப் பிறந்தவர்கள். பல்லி கூட்டத்திலேயே கெட்டிக்காரன், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் கீழே வர மனசு வராது.

அந்தப் பல்லியின் வில்லை அன்று மஞ்சளில் தொங்கியது. அவன் கண் சிவந்து வீங்கியிருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தானே. பையிலிருந்து தன் வில்லையை எடுத்தாள். ஒரு நொடி தயங்கினாள். பச்சையில் மாட்டினாள்.

அவளையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் ஓர் இரும்பு உத்தரம் இரண்டு ஆள் உயரத்தில் குறுக்கே போனது. ஆளுக்கு இரண்டு கயிறு, கயிற்றுக்கு ஒரு கொக்கி. ஏணியில் ஏறி உத்தரத்தில் மாட்டி, கொக்கியின் பூட்டைத் திருக வேண்டும். பூட்டின் கழுத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் சரியாகப் பூட்டவில்லை என்று அர்த்தம். மாட்டியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது என்பதால், மேற்பார்வையாளர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து "பார்த்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் யாரும் விளிம்பைத் தாண்டக் கூடாது.

முந்தாநாள், இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நாள், அக்கா அண்ணாந்து பார்த்தாள். கால் தடுமாறித் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து கண்ணுக்கு நேரே தொங்கும் கயிற்றை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள். இன்றும் அப்படித்தான். வாத்தியார், பார்த்தாச்சு. அண்ணன், பார்த்தாச்சு. தம்பி, பார்த்தாச்சு. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக விளிம்பைத் தாண்டி மறைந்தார்கள்.

அடுத்தது அவள் முறை. இடுப்பில் பெல்ட்டை இறுக்கினாள். மணி பத்தரை. இறங்கும்போது நேரே கண்ணாடியைத்தானே பார்க்கப் போகிறோம், அண்ணாந்தால்தானே வம்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பல்லி ஏணியில் ஏறி அவளுடைய கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தான். இறங்குகிறவர் தன் கொக்கியைத் தானே பார்த்துக் குரல் கொடுப்பதும் உண்டு, வேறு ஆள் இல்லாதபோது.

"பார்த்தாச்சு," என்றாள், தன் காலணியைப் பார்த்தபடி. வலது காலைத் தூக்கி விளிம்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

"அக்கா!"

பல்லி போட்ட கூச்சலில் அவள் அப்படியே உறைந்துபோனாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அடியில் பதினான்கு மாடி.

"நான் இன்னும் பூட்டவே இல்லக்கா! ரெண்டுலயும் சிவப்பு தெரியுது. நீங்க என்னத்த பார்த்தீங்க?"

அவள் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

அவன் ஏணியிலிருந்து குதித்து வந்து அவள் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, சட்டத்த மீறித்தான் கேக்கறேன். அந்தக் கொக்கிய ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க."

பார்க்க முயன்றாள். உத்தரம் கடகடவென்று சுழன்றது. தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"பத்து."

பல்லியின் முகம் மாறியது. மெதுவாகத் திரும்பி, விளிம்பைத் தாண்டிப் போயிருந்த ஆறு கயிறுகளையும் பார்த்தான்.

"அப்போ அவங்களோடது?"

இந்த நிமிடம்வரை அக்கா தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக நினைத்திருந்தாள், அதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதுதான் கேவலம். மூன்று பேர் அவள் சொன்ன ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது," என்றாள்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "எல்லாரும் அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

"என்னக்கா, டீ வந்துருச்சா?" என்றான் தம்பி கீழிருந்து.

பல்லி ஏணியை இழுத்துக்கொண்டு ஓடினான். வாத்தியாரின் கொக்கிகள். "ஒண்ணு சரி. ரெண்டு சரி." இறங்கினான், ஏணியை நகர்த்தினான், ஏறினான். அண்ணன். "சரி. சரி." தம்பியின் முதல் கொக்கியில் அவன் கை நின்றது. அக்கா சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். பல்லி கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினான். "துரு. கோடு இல்ல. வெறும் துரு. பூட்டித்தான் இருக்கு." அடுத்தது. "சரி. ஆறும் சரியா இருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பல்லி பக்கத்தில் வந்து குந்தினான். "ஒண்ணும் ஆகல. யாருக்கும் தெரிய வேணாம். நீங்க போய் உக்காருங்க, நான் உங்க இடத்துல இறங்கறேன். அஞ்சு மணிக்கு முடிச்சிடலாம். ஆணியும் தப்பிச்சிடும்."

அவனுடைய வீங்கிய கண்ணை அவள் பார்த்தாள். வில்லையை எதற்காக மஞ்சளில் மாட்டியிருந்தானோ, இன்னும் அவளுக்குத் தெரியாது. ஆசை வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ஒரு நொடி அவள் தலையாட்டக்கூட நினைத்தாள். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, "மூணு பேரும் தரைக்கு இறங்கி லிஃப்ட்ல மேல வாங்க," என்றாள்.

அவர்கள் தண்ணீர் சொட்டச் சொட்ட மாடிக்கு வந்து சேர்வதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவசரம்தான்.

"கீழ இருந்து போன் பண்ணினாங்க. கயித்துல ஒருத்தரும் இல்லையாமே? எவன் முடியலைன்னான்? அந்தப் பல்லிப் பயதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார். பத்து நாளா எனக்குத் தலை சுத்துது. மேல நிமிர்ந்து பாக்க முடியல. ரெண்டு நாளா இவங்க கொக்கியப் பாக்காமலே பார்த்தாச்சுன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு இங்க யாரும் இறங்க மாட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கடைசியில், "அங்கயே இரு, வர்றேன். உன் ஆணிக்கும் உனக்கும் இன்னையோட முடிவு," என்று வைத்துவிட்டார்.

அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றினார். வழக்கமாக மூன்று தடவை விளக்குகிறவர், அன்று ஒரே தடவை சொன்னார்.

"போன மாசம் என் பொண்ணு வீட்ட விட்டுப் போன அன்னைக்கு நான் மஞ்சள்ல மாட்டினேன். உங்கள நம்பித்தான் மாட்டினேன். நீங்க எங்கள நம்பலையேக்கா."

அவர் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டாள், குனிந்தாலும் சுற்றியது.

வாத்தியார் இரண்டு அடி பக்கத்தில் வந்தார்.

"இப்ப சுத்துதா?"

இந்த மூன்று வருடத்தில் அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

"சுத்துது," என்றாள்.

"உக்காருங்க," என்று அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் உட்கார்ந்தாள்.