முன்னுக்கு ஓடியவர்

கணவர் பஞ்சலிங்கத்தின் உடலில், சேர்த்துக் கட்டிய கால் பெருவிரல்களில் துணி நழுவியிருந்தது. மகாதேவி அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது நிருஷன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அன்ரி, எமில்ராஜ் அண்ணை வாறார். கனடாவிலையிருந்து லீவிலை வந்து நிக்கிறாராம். அந்த எண்ணூறு மீற்றரிலை பஞ்சலிங்கம் சேர் வெண்டது உவரைத்தான்."

நிருஷன் கல்லூரியின் தலைமைப் பயிற்றுநர். பஞ்சலிங்கம் அவனுக்கு உதவிப் பயிற்றுநர், வயதில் தகப்பன் மாதிரி. நேற்று மைதானத்தில் சரிந்தவரைச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும் அவன்தான்.

"ஆர் வரச் சொன்னது?"

"நான்தான். மைக்கிலை ரெண்டு வார்த்தை கதைக்கட்டும். அந்த ஓட்டத்தைக் கண்ட ஆக்கள் வேறை ஆர் இருக்கினம்?"

அவள் விரல்கள் துணியிலேயே நின்றன.

அந்த ஓட்டத்தை ஓடியவர் பஞ்சலிங்கம் இல்லை. அவருடைய தமையன் சோமசேகரம். பிறகு வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. ஊர் இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில் ஒருவரிடமும் பத்திரங்கள் இருக்கவில்லை; வாயால் சொன்னதே சான்று. கல்லூரியில் பின்னணி கேட்டபோது பஞ்சலிங்கம் தமையனின் ஓட்டத்தைச் சொன்னார். வேலை கிடைத்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் புதிதாக வரும் பெடியளுக்கு அதையே சொல்ல வேண்டியிருந்தது. மகள் சுபாஜினிக்கும் அதுதான் தெரியும்.

சுபாஜினி தலைமாட்டில் இருந்தாள். "அப்பாவைப்போல ஓட இஞ்சை ஒருத்தரும் இல்லை" என்று வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பறை நின்றது. எமில்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கால்மாட்டுக்கு வந்து குனிந்து, இரண்டு குதிக்கால்களையும் பார்த்தார். நிமிர நேரமெடுத்தது.

"தங்கச்சி," மகாதேவிக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குரல் மெல்ல வந்தது. "அண்டைக்கு என்ரை ஆணிச் சப்பாத்து முன்னுக்கு ஓடினவரின்ரை குதிக்காலைக் கிழிச்சது. எலும்பு தெரிஞ்சது. அப்பிடியும் அந்தாள் நிக்கேல்லை. பேரும் தெரியாது, கொடிகாமத்தான் எண்டுதான் சொல்லுவம். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்."

அவர் கண் மறுபடி குதிக்கால்களுக்குப் போனது.

"உந்தக் காலிலை ஒரு தழும்பும் இல்லை."

"அவருக்கு ஒரு அண்ணை இருந்தவர்" என்றாள். உதடு அசைந்ததாகவே தெரியவில்லை. "இப்ப இல்லை. பிள்ளைக்குத் தெரியாது."

நிருஷன் ஒலிவாங்கியில் எமில்ராஜின் பெயரைச் சொன்னான். இனி ஆண்டுதோறும் சேரின் பெயரில் எண்ணூறு மீற்றர்க் கிண்ணம் என்றும் சொன்னான். பந்தலில் கதை அடங்கியது. எமில்ராஜ் ஒலிவாங்கியை வாங்கினார்.

"அண்டைக்கு நான் ரெண்டாவது. முன்னுக்கு ஓடினவரின்ரை முதுகைத்தான் பாத்துக்கொண்டு ஓடினனான். முகம் ஞாபகமில்லை."

மகாதேவி கண்ணை மூடினாள்.

"நல்லா ஓடினார். நான் பிடிக்கேல்லை."

அவ்வளவுதான். ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு வந்தவரின் கைகளைச் சுபாஜினி எழுந்து பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கனடா போக முதல் ஒருக்கா வாங்கோ. அந்த ஓட்டத்தை எனக்கு முழுக்கச் சொல்லவேணும். அப்பா ஒருநாளும் வடிவாச் சொல்லேல்லை."

எமில்ராஜ் மகாதேவியைப் பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, வாறன்" என்றார்.

மழைக்கு முன் தூக்கிவிட வேண்டுமென்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். கல்லூரிப் பெடியள் தோள் கொடுத்தார்கள். பழகாத சுமை, கால்கள் விரைந்தன.

"மெல்லடா, மெல்ல. உது போட்டியில்லை" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

பெண்கள் வாசற் படலையோடு நின்றுவிட்டார்கள். ஊர்வலம் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது கடைசியாக நடந்த எமில்ராஜ் ஒருமுறை நின்று பார்த்தார்.

"அம்மா, கையை விடுங்கோ, நோகுது" என்றாள் சுபாஜினி.

மகாதேவி விடவில்லை. முதல் துளிகள் புழுதியில் விழத் தொடங்கின.