கொழுந்தனின் இடது கை

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கண்தான் சொத்து. மயிரிழைக் கீறலைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துவிடுவாள். கண்ணாடிக்காரி என்றே பேராகிவிட்டது. அந்தக் கண்ணை நம்பித்தான் இசைக்குழுவிலும் ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கொழுந்தன் கிட்டார். டயர் கடைக்காரர் டிரம்ஸ்; அவர் கடை மாடிதான் ஒத்திகை அறை, ரப்பர் வாடை இலவசம். பாடுவது பள்ளிக்கூட டீச்சர். தடித்த தந்தியில் அடிநாதம் போடும் பேஸ் கிட்டார்காரர் மாற்றலாகிப் போனதும் அண்ணியை அந்த இடத்துக்குக் கூட்டி வந்தது கொழுந்தன்தான்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன். சரிப்படலன்னா மனசு வருத்தப்படக் கூடாதும்மா," என்று டயர் கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? பகலெல்லாம் தேய்ப்பு இயந்திரத்தின் கிர்ர் சத்தம்தான் அவளுக்கு வாய்த்த சங்கீதம். அந்தத் தடித்த தந்தி முதல் நாள் நெஞ்செலும்பில் அதிர்ந்தபோதே ஆசை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு, வீட்டுக்கு என்று இல்லாமல் தனக்கென்று அவள் கேட்ட ஒரே பொருள் அந்த இடம்.

பாதிப் பாட்டுகள் ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளில், அதாவது சுரக்கூட்டுகளில், ஓடிவிடும். எந்த நேரத்தில் எது ஒலிக்கிறது என்று தெரிந்தால் போதும், பேஸில் அதன் அடிச்சுரத்தைப் போடலாம். தெரிய வேண்டியது காதுக்கு. இவளோ கொழுந்தனின் இடது கையைப் பார்த்துக் காப்பியடித்தாள். விரல் விரிந்தால் ஜி, முக்கோணமாகக் குவிந்தால் டி. "அண்ணிக்கு என்ன காது!" என்று அவன் பெருமைப்பட்டபோது, வாயை மூடிக்கொண்டாள்.

மனசாட்சி உறுத்தியதால் வீட்டில் செல்போனில் கார்டுகளை ஓடவிட்டுப் பழகினாள். எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர்தான் ஒவ்வொரு கார்டு மாறும்போதும் குறுக்கே பேசினார்.

"இப்போ வீட்டுக்குள்ள வந்துட்டான். இப்போ தெருவுல உலாத்துறான். இந்தா, வாசல் கேட்டுகிட்ட வந்து நிக்கிறான், கதவைத் திற."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! சும்மா உரிங்க."

"எனக்கென்ன தெரியும்? நிக்கிற மாதிரி கேக்குது, சொன்னேன்."

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. டீச்சர் புதுப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது எனக்கு ரொம்பக் கீழ இருக்கு, கொஞ்சம் ஏத்திக்கலாமா?" என்றார்.

"அதுக்கென்ன," என்று கொழுந்தன் கேப்போவை எடுத்தான். கிட்டாரின் கழுத்தைக் கவ்வும் சின்ன கிளிப் அது. மாட்டினால் எல்லாத் தந்தியின் சுருதியும் சேர்ந்து மேலே ஏறிவிடும். விரல்பிடி மட்டும் பழையபடியே இருக்கும்.

கண்ணாடிக்காரிக்கு அது தெரியாது. விரல் விரிந்தது, ஜி போட்டாள். நாராசம்! டீச்சர் முகம் சுளித்தார். சி பிடியைப் பார்த்து சி போட்டாள். அதைவிட மோசம். டிரம்ஸ் நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. "இன்னொரு தடவை," என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தக் கையைப் பார்த்தால்தானே வம்பு? கண்ணை மூடிக்கொண்டாள், வாசிக்கவில்லை. பாட்டு ஓடியது. தெருவில் உலாத்துவதுபோல் ஒன்று. கதவைத் திறக்கச் சொல்லி நிற்பதுபோல் ஒன்று. அப்புறம்... அட, வந்து உட்கார்ந்துவிட்டது! வெங்காயம் உரித்த மனுஷன் உளறவே இல்லை.

உட்கார்ந்த சுரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டு, தடித்த தந்தியில் விரலை நகர்த்தித் தேடினாள். ஜி-யின் பழைய இடத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி அது கிடைத்தது. வீடு அங்கே என்றால் தெருவும் வாசல் கேட்டும் அதே இரண்டு கட்டம் தள்ளித்தானே இருக்கும்? இருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறினாள், ஆனால் டீச்சர் குரலுக்கடியில் பேஸ் வந்து நின்றுவிட்டது. கடைசிச் சுரம் நெஞ்செலும்பில் அதிர்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டயர் கடைக்காரர் குச்சிகளை மடியில் வைத்தார். "முதல்ல ஏன் அப்படிச் சொதப்பினே?"

"தம்பி கையைப் பாத்து வாசிச்சேன். இத்தனை நாளும் அப்படித்தான்."

டயர் கடைக்காரர் குச்சிகளை மறுபடி கையில் எடுத்தார்.

"கண்ணை மூடினப்புறம் யார் கையைப் பாத்தே? அடுத்த வாரமும் வந்துடு."

"கேப்போவைக் கழட்டிடட்டுமா அண்ணி?" என்றான் கொழுந்தன் பாவமாக.

"வேணாம் தம்பி. அதை எங்க வேணும்னாலும் மாட்டுங்க," என்றவள் எழுந்து, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.