மாமா கடையில் இல்லாத உலோகம்

மோதிரத் தட்டு கைக்கு வந்தால் கல்யாணப் பெண் ஒன்றை எடுத்து விரலில் போட்டுப் பார்ப்பாள். அதுதான் உலக வழக்கம். இவள் எடுத்ததும் கவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்பக்கத்தைப் பார்த்தாள்.

தொழில் புத்தி. தங்கச் சோதனை நிலையத்தில் மூன்று வருடமாக அவள் சோதனையாளர். நகைக்கடைகள் சரக்கை அங்கே அனுப்பும். பாக்கெட்டின் மேல் கடைப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எண்ணுக்குப் பின்னால் யார் என்று சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. உள்ளே பார்த்ததை வெளியே மூச்சு விடமாட்டேன், வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மீறினால் வேலை போய்விடும்.

ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அதனிடம் யார் கையெழுத்து வாங்குவது? ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கை உண்டு. நாற்பத்தேழாம் எண்ணின் கை அவளுக்கு அத்துப்படி. வெளியே கண்ணாடி மாதிரி வழவழப்பு. உள்ளே, ஒட்டு வைத்த இடத்தில், எறும்பு முட்டை மாதிரி வரிசையாக நாலு பொட்டு. இருபத்திரண்டு காரட் என்று சீட்டில் எழுதி வரும். மெஷினில் வைத்தால் பத்தொன்பது என்று பல்லை இளிக்கும். பாக்கெட் முத்திரை இல்லாமல் திரும்பிப் போகும்.

இப்போது கையில் இருந்த மோதிரத்துக்குள் எறும்பு முட்டை நாலு.

தட்டைக் கொண்டு வந்தவர் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் தாய்மாமா. சொந்தமாக நகைக்கடை வைத்திருக்கிறார். சட்டையின் மேல் பட்டனைத் தாண்டி வயிறு வரை சிரிக்கிற மனிதர். பக்கத்தில் அவருடைய அக்கா, அதாவது வருங்கால மாமியார். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. அவன் லிஃப்ட் மெக்கானிக். சோதனை நிலையத்தின் லிஃப்டில் இவள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோது வெளியே இருந்து கதவை நெம்பித் திறந்தவன். திறந்த வேகத்தில் அவள் விட்ட டோஸில் காதலே வந்துவிட்டது என்று அவன் சொல்லித் திரிகிறான். அவள் அவனை லிஃப்ட்டு என்பாள். அவன் அவளை மேடம் என்பான்.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் மாமா.

“நல்லா இருக்கு மாமா. ஆனா எனக்குத் தங்கம் வேணாம்.”



“தங்கத்துலயே வேலை பாக்கற பொண்ணு தங்கம் வேணாங்குது” என்று மாமா சிரித்தார். “சலிச்சுப் போச்சு போல.”

“பின்ன எதுல? நூல சுத்திவிட்டா போதுமா?” என்றார் மாமியார்.

காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் வேலை போகும். சொல்லாமல் மறுத்தால் கல்யாணம் போகும். அவளுக்குத் தெரிந்த ஒரே சந்து, இந்த மனிதர் கடையில் இல்லாத உலோகம் எதையாவது கேட்பது.

“வெள்ளி” என்றாள்.

“வெள்ளிதானே? நம்ம கடை மாடில மூணு அலமாரி நிறைய இருக்கு.”

“பிளாட்டினம்.”

“ரெண்டு நாள்ல வரவழைச்சிடறேன்.”

“பிளாட்டினமே எடுத்துக்க கெமிஸ்ட்ரி, பேரே கெத்தா இருக்கு” என்றார் அவளுடைய அப்பா. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். மகள் வாங்கிய பட்டத்தில் அவர் வாய்க்கு அடங்கியது அந்த ஒரு வார்த்தைதான். அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்.

“வேணாம்ப்பா. டைட்டானியம்.”

இதில் மனிதர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தாள். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தடவி, யாரிடமோ பேசிவிட்டு, வெற்றியோடு நிமிர்ந்தார். “வருதாம்மா! ஏரோப்ளேன்ல போடற உலோகமாம். மாப்பிள்ளைக்கு லிஃப்ட்டு, பொண்ணுக்கு ஏரோப்ளேன். ஜோடிப் பொருத்தம் ஆகாசத்துல இருக்கு!”

அவளுக்கு ஆத்திரத்தில் காது மடல் சுட்டது. “எவர்சில்வர்” என்றாள்.

மாமியார் எழுந்தே விட்டார். “டம்ளரா வாங்குறோம்? எம் மருமக கையில எவர்சில்வர மாட்டிவிட்டா ஊர்ல என்ன நினைப்பாங்க? பாத்திரம் கழுவும்போது சிக்கிடுச்சுன்னா?”

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடைக்கே வந்து நேரில் முடிவு செய்யலாம் என்று மாமா பஞ்சாயத்தை முடித்துவைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவளை மட்டும் ஓரமாக அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது.

“மோதிரம் என் பரிசும்மா. செய்கூலி, சேதாரம், எதுவும் கிடையாது, காசே வேணாம். நம்ம வீட்டுப் பொண்ணு அங்க உக்காந்திருக்கும்போது நம்ம பாக்கெட்டுங்க இனிமே திரும்பி வராதுல்ல?”

மனிதர் ஒரு கண்ணையும் சிமிட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. இவர் மருமகளுக்கு மோதிரம் போட வரவில்லை, நாற்பத்தேழாம் எண்ணுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார். அவள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியிருக்கிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு குண்டுமணித் தங்கம்கூட அந்த நிலையத்தை விட்டு வெளியே போகாது. அந்தக் கையெழுத்துக்காக அப்பாவின் முதுகு எத்தனை வெங்காய மூட்டை சுமந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஓசி மோதிரத்துக்கு அதை விலை பேசுகிறார். அதுவும் பத்தொன்பது காரட்டில்! லஞ்சத்திலாவது மனிதனுக்கு ஒரு நாணயம் வேண்டாமா?

மறுநாள் மாலை, ஐந்தாவது மாடியில் இருக்கும் நிலையத்தின் படிக்கட்டில் லிஃப்ட்டு வந்து உட்கார்ந்தான். கையில் கிரீஸ், முகத்தில் கடுகடுப்பு.

“நேரா கேக்கறேன் மேடம். நான் டிகிரி படிக்கல. அதான் எவர்சில்வரா?”

“லூசா நீ?”

“அப்ப என்ன? எங்க மாமாவப் புடிக்கலையா? என்னப் புடிக்கலையா?”

“உன்னப் புடிச்சிருக்கு.”

“அப்ப மாமாவ...”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லேன்.”

“சொல்லமுடியாது.”

“எங்கிட்டகூடவா?”

“உங்கிட்டகூட.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். “அம்மா ராத்திரியெல்லாம் பொலம்பறாங்க. இந்தப் பொண்ணுக்கு நம்ம வீடே பிடிக்கல, அதான் சாக்கு சொல்லுதுன்னு. ஞாயித்துக்கிழமை கடைல ஒண்ணு சரின்னு சொல்லு, இல்லன்னா ஏன்னு சொல்லு. ரெண்டும் இல்லாம நின்னா எங்க வீட்ல கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. என்னால ஒத்த ஆளா தாங்கமுடியாது.”

எழுந்து போய்விட்டான். லிஃப்ட் மெக்கானிக், ஆனால் ஐந்து மாடியும் படியிலேயே இறங்கிப் போனான். அவ்வளவு கோபம்.

சனிக்கிழமை வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு வெளி கவுன்டரில் ஆள் வராததால் அவளை அங்கே உட்காரவைத்தார்கள். ஒரு அம்மா வந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்து, கட்டணத்தைக் கட்டி, “பாத்து சொல்லுங்க, என் வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது, எனக்கு அவர் மேலயே சந்தேகம்” என்றார். அவள் ரசீது எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அடச்சே, யார் வேண்டுமானாலும் எந்த நகையையும் கொண்டுவந்து கேட்கலாம். கேட்பதற்கு ரகசியம் எதற்கு? மூன்று வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்ததில், தடுப்புக்கு வெளியே ஒரு வரிசை நிற்பதே மறந்துவிட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமா கடையில் ஏ.சி. குளிர் எலும்பு வரை இறங்கியது. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெல்வெட்டில் கை பட்டுவிடாமல் இரண்டு கையையும் தொடைக்குள் செருகிக்கொண்டார். மாமியார் முகத்தைத் திருப்பியிருந்தார். மாமா முதல் தட்டைத் திறந்தார்.

“தங்கமே எடுத்துக்கலாம் மாமா” என்றாள் அவள். “உங்க கடையிலயே எடுத்துக்கலாம்.”

மாமியார் முகம் பாதி திரும்பியது. லிஃப்ட்டு நிமிர்ந்தான்.

“ஆனா பரிசெல்லாம் வேணாம், பில்லு போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலைல இவர் போய் எங்க ஆபீஸ் வெளி கவுன்டர்ல குடுத்து, டெஸ்ட் பண்ணி வாங்கிட்டு வரட்டும். நான் தொடமாட்டேன், வேற ஆள் பாப்பாங்க. யார் வேணா பண்றதுதான்.”

“குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா டெஸ்ட்டு?” மாமாவின் சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறி உதட்டோடு நின்றுவிட்டது.

பதில் லிஃப்ட்டிடமிருந்து வந்தது. “நானே மாட்டின லிஃப்ட்டா இருந்தாலும் இன்னொருத்தன் வந்து பாத்துக் குடுத்தாத்தான் மாமா ஆள ஏத்துவோம். அதுல என்ன கோவம்? பண்ணிட்டாப் போச்சு.”

“பண்ணலாம், பண்ணலாம்” என்ற மாமா முதல் தட்டை மூடினார். “இது பழைய ஸ்டாக்கு. இருங்க.”

இரண்டாவது தட்டு வந்தது. மாமியார் கையை நீட்டுவதற்குள் அதுவும் மூடிக்கொண்டது. “இதுல டிசைன் அவ்வளவு எடுப்பா இல்லக்கா.”

மூன்றாவது தட்டு. “இது ரொம்ப லேசு, வளைஞ்சிடும்.”

நான்காவது தட்டை அவர் திறக்கவே இல்லை. மேலே கையை வைத்துக்கொண்டு, சாமான் தொலைத்தவர் மாதிரி கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அத்தனை குளிரிலும் நெற்றி வியர்த்தது.

“டேய், என்னடா இது?” என்றார் மாமியார். “கடைக்காரனே தட்டுக்குத் தட்டு நொட்டை சொல்றே. கடை உன்னோடதா, வேற யாரோடதா?”

“நல்லதா ஒண்ணு குடுக்கணும்ல அக்கா...” மாமாவின் பார்வை தன் கையிலேயே போய் விழுந்தது. “இந்தா, இதயே குடுத்துடறேன்! நான் போட்டிருக்கறது. சுத்தமான சரக்கு. எங்க வேணா டெஸ்ட் பண்ணிக்கங்க. அளவு மட்டும் சின்னது பண்ணிக்கலாம்.”

இழுத்தார். மோதிரம் அசையவில்லை. பத்து வருடத்துச் சதை அதன் இரண்டு பக்கமும் மெத்தை போட்டிருந்தது. சோப்புத் தண்ணீர் வந்தது, எண்ணெய் வந்தது. மாமா பல்லைக் கடித்தார். கடைசியில் லிஃப்ட்டுதான் மேசையிலிருந்த பார்சல் நூலை எடுத்து, விரலைச் சுற்றி நெருக்கமாக வரிந்து, ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் விட்டு மெதுவாகப் பிரித்தான். மோதிரம் புரி மேல் நட்டு வருவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

“பலே!” என்றார் அப்பா, தன்னை மறந்து.

மாமியார் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, உள்ளே பொறித்திருந்த முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நகைக்கடையின் பலகையைப் படித்தார். மறுபடி மோதிரத்தைப் படித்தார்.

“இது எதிர்க்கடை மோதிரம்.”

மாமா நான்காவது தட்டை மேசைக்கு அடியில் தள்ளினார்.

“உன் கடைல நீயே வாங்கமாட்டியாடா?”

மாமா மேலே ஏ.சி.யைப் பார்த்தார், அது ஏதாவது எடுத்துக்கொடுக்கும் என்பதுபோல. மாமியாரின் கை மெதுவாகத் தன் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. பிறகு காதுக்கு. எல்லாம் தம்பி கடை. முப்பது வருடம் போட்டுக்கொண்டு, பெருமை பேசி, அக்கம்பக்கத்தை எல்லாம் இங்கேயே அனுப்பிவைத்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு இது முன்னாடியே தெரியும். அதான் வெள்ளி, எவர்சில்வர்னு ஓடினே.”

அப்பா வேண்டாம் என்பதுபோல அவளைப் பார்த்தார். நாசூக்காக ஏதாவது சொல்லிவைக்கலாம்தான். நாசூக்கு அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

“அத்தை, அங்க நான் என்ன பாத்தேன், என்ன பாக்கலன்னு வெளிய பேசக்கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன். உங்ககிட்ட சொல்லமாட்டேன். நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்தாலும் சொல்லமாட்டேன். அது பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க.”

மாமியார் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை எடை போட்டார்.

“அப்ப எங்க வீட்ல நடக்கறதப் போய் உங்க ஆபீஸ்ல சொல்லுவியா?”

“அதையும் சொல்லமாட்டேன்.”

“எங்க வீட்ல சண்டை ஜாஸ்தி.”

“எங்க வீட்லயும்தான்.”

“அப்ப சரி” என்று எழுந்தார் மாமியார். “எந்திரிங்க எல்லாரும். ரோட்டத் தாண்டுவோம்.”

எதிர்க்கடையில் அவ்வளவு குளிர் இல்லை. விற்பனையாளர் தட்டைத் திறக்கும் முன்பே மாமியார் சத்தமாக அறிவித்தார்: “நாளைக்கே கொண்டுபோய் டெஸ்ட் பண்ணுவோம். சொல்லிட்டேன்.”

“தாராளமா பண்ணுங்கம்மா” என்று அவர் அதே தட்டைத் திறந்து வைத்தார். மாற்றவில்லை.

லிஃப்ட்டு அவள் காதருகே குனிந்தான். “எவர்சில்வர் கேக்கட்டுமா மேடம்?”

“ஒத விழும்.”

கதவு மறுபடி திறந்தது. மாமா, மூச்சு வாங்க, வெறும் விரலைத் தடவிக்கொண்டு நின்றார். அவருடைய மோதிரம் இன்னும் அக்காவின் கைக்குள்ளேயே இருந்தது. அவர் “அக்கா, அது...” என்று ஆரம்பிப்பதற்குள் விற்பனையாளர் முகம் மலர எழுந்து நின்றார்.

“வாங்க சார், வாங்க! என்ன, ரொம்ப நாளா ஆளக் காணோம்? வீட்ல அம்மாவுக்கு எடுத்த நெக்லஸ் எப்படி இருக்கு?”

கடையே மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் அருகிலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “கொஞ்சம் தண்ணி குடுப்பா” என்றார்.

தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அவள் பொறுத்தாள். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மாமா, நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க. இந்தக் கடை சரக்கு எங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

அவளுக்கு அது கேலியும்தான், நிஜமும்தான். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா ரோட்டைப் பார்த்தார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, வெகுநேரம் தேடி, ஆயுசில் முதல்முறையாகப் பொய் கலக்காமல் வியாபாரம் பேசினார்.

“ரெண்டாவது வரிசைல மூணாவது. விலை ஜாஸ்திதான். ஆனா உழைக்கும்.”