பாயை இறக்கிய இடம்

1

இந்தக் கதை தொடங்கியபோது என் வாய் நிறையக் குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் நான் குறுக்கே பேசவில்லை.

மேலே குன்றில் கடற்படை அதிகாரிகளின் பள்ளி. கீழே தெருமுனையில் என் தையல் கடை. அங்கே படிக்கிற பிள்ளைகளின் காற்சட்டையைக் கட்டையாக்கியும், படித்துப்போய்க் கிழவர்களாகித் திரும்புகிறவர்களின் இடுப்பைப் பெருப்பித்தும் என் காலம் போகிறது. அன்று எகர்ட் என்ற முதியவர் வந்திருந்தார். பழைய மாணவர்களின் ஒன்றுகூடலுக்குத் தன் நீலச் சீருடையைப் போடவேண்டுமாம். நான் முழங்காலில் நின்று அளந்துகொண்டிருந்தேன். மூலையில் வீட்டுச் சொந்தக்காரி வீப்கே லோரென்சன் வழக்கம்போலக் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாசல் பலகையிலை லோரென்சன் எண்டு கிடக்கு" என்றார் எகர்ட். "படகு மாஸ்ரர் மோமே லோரென்சனுக்கு நீங்கள் என்ன முறை?"

"மகள்."

எகர்ட் அரைகுறையாக ஊசி குத்திய காற்சட்டையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

[குறிப்பு: இவர்கள் பேசியது வடகரை ஜெர்மன். என் காதில் அது பருத்தித்துறைத் தமிழாகத்தான் விழுகிறது. இத்தனை வருடமாகியும் திருத்த முடியவில்லை. இனித் திருத்தவும் போவதில்லை.]

அவர் சொன்னதை இங்கேயே எழுதிவிட்டால் உங்களுக்கு அது ஒரு செய்தி மட்டும்தான். ஆகவே பின்னுக்குப் போகிறேன். பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதமாட்டேன். இது நானாகக் கட்டிக்கொண்ட பள்ளி.

2

முதல் தொடக்கம்: 'பேரரசர் ஒருவர் குடாவைப் பார்த்தபடி செங்கல்லால் ஒரு கோட்டை கட்ட ஆசைப்பட்டார்.' வேண்டாம். பேரரசரில் தொடங்கினால் மோமே வந்துசேர்வதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது: 'கொடிகள் மாறின, காற்று மாறவில்லை.' இதை வீப்கேக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் சொன்னது? காற்று ஒவ்வொரு நாளும் மாறும். அப்பா கேட்டிருந்தால் உன்னைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ளை தள்ளியிருப்பார்" என்றார். கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனாலும் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நீங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக விட்டுவைத்திருக்கிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மோமே இளைஞனாக அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, பிரபுக்களின் பிள்ளைகள் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டியோடு படகில் ஏறி, குடாவின் முதல் அலையிலேயே வாந்தி எடுத்தார்கள். அவர்களுக்குப் பாய் கட்டவும் துடுப்புப் போடவும் அவர் பழக்கினார். முதல் யுத்தத்தில் தோற்றதும் மாலுமிகள் கிளர்ந்தார்கள்; கோபுரத்தில் கொஞ்ச நாள் சிவப்புக் கொடி பறந்தது. பள்ளி வெறிச்சோடியபோது மோமே மீன் பிடித்தார். பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவரும் திரும்பினார். பிறகு நாஸிகளின் கொளுக்கிச் சிலுவைக் கொடி வந்தது. அதையும் அவர் எதிர்க்கவில்லை. காலையில் போனார், படகை இறக்கினார், மாலையில் வந்தார்.

(இந்த இடத்தில் அவரை நான் கொஞ்சம் வெறுத்தேன். அது எழுத்தில் தெரிந்துவிட்டது போல. வீப்கே அப்போதுதான் நிபந்தனை போட்டார்: "அப்பாவை வீரனாக்காதை. கோழையுமாக்காதை." அப்படியென்றால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு மனுசன்" என்றார். சொல்வது சுலபம்.)

படகுக்காரன் மகன் அதிகாரியாவது பேரரசர் காலத்தில் நடக்காத காரியம். இந்தப் புதுக் கொடியின் கீழே மோமேயின் மகன் சென்கேயை அதே பள்ளி மாணவனாக எடுத்துக்கொண்டது. தாயில்லாத வீடு. மகனின் கழுத்துப்பட்டிக்கு மோமேயே கஞ்சி போட்டார். தங்கை வீப்கேயை அதைத் தொடக்கூட விடவில்லை.

3

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தைந்து, மே மாதம். வடபகுதிப் படைகள் சரணடைந்துவிட்டன என்று வானொலி சொன்னது. சென்கே பள்ளியின் வாசலால் வெளியே நடந்து வீட்டுக்கு வந்தான். சீருடையைக் கழற்றிவிட்டுத் தகப்பனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொரித்த உருளைக்கிழங்குக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"முடிஞ்சுது அப்பா!"

"ஆர் உன்னைப் போகச் சொன்னது?"

"றேடியோ."

வீப்கே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னலால் பார்த்தவள், "ஆல்வார்ட் வாறான். ரெண்டு பேரோடை" என்றாள். ஆல்வார்ட் சென்கேயின் வகுப்புக்குப் பொறுப்பான லெப்டினன்ட். அவனும் மோமேயிடம் படகு பழகியவன்.

(இவனை எனக்கு எழுத வரவில்லை. மெல்லிய உதடும் குளிர்ந்த கண்ணும் கொடுத்துப் பார்த்தேன். "இல்லையே, நல்ல வடிவான ஆள். நல்லாப் பாடுவான். எனக்கே அவனிலை ஒரு கண்" என்றார் வீப்கே. உதட்டை அழித்துவிட்டேன்.)

சென்கே எழுந்து பின்கதவைப் பார்த்தான். அங்கே தகப்பனின் சிறு படகு கட்டிக் கிடந்தது. எதிர்க்கரை டென்மார்க்.

"அப்பா, நான் அக்கரைக்குப் போறன்."

"என்னத்துக்கு? களவெடுத்தனியே?"

"அவங்கள் விடாங்கள் அப்பா."

"விசர்க்கதை கதைக்காதை. உவன் நான் பழக்கின பிள்ளை. உன்ரை ஆக்கள்தானே, போ. ரெண்டு ஏச்சு வாங்கிக்கொண்டு வா. தங்கச்சி சாப்பாட்டை மூடி வைப்பாள்."

மோமேயே போய் முன்கதவைத் திறந்துவிட்டார்.

(விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், போய்விட்டு வா என்ற பேச்சை நான் எங்கள் ஊர் வாசல்களிலும் கேட்டவன். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். இது சென்கேயின் சாப்பாட்டு மேசை. என் ஊரை இதில் உட்காரவைப்பது நியாயமில்லை.)

யுத்தம் முடிந்திருந்தது. யுத்த நீதிமன்றம் முடியவில்லை. ஒரு வகுப்பறையில் கூடி, ஓடிப்போன குற்றத்துக்கு மரணம் என்று தீர்ப்பளித்தார்கள். அவனோடு படித்தவர்களின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

அந்தக் காலையை நான் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒன்றில் அவன் தகப்பனைக் கூப்பிட்டான். ஒன்றில் கண்ணைக் கட்டவேண்டாம் என்றான். ஒருவரும் எங்களுக்குச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சுட்டார்கள். செத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது.

வீப்கே மூடி வைத்த தட்டு, பூஞ்சணம் பிடிக்கும்வரை மேசையிலேயே இருந்தது.

4

பிறகு பள்ளிக்கு ஆங்கிலேயர் வந்தார்கள். கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அது ஆஸ்பத்திரியாக இருந்தது. சுங்க அலுவலர்களுக்கு வகுப்பு நடந்தது. கீழே, லோரென்சன் வீட்டில், தகப்பனும் மகளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். காலநிலை பற்றிப் பேசினார்கள். மீன் விலை பற்றிப் பேசினார்கள். 'போ' என்று சொன்னதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள்.

ஐம்பத்தாறில் கடற்படை மறுபடி பிறந்து, பள்ளி திறந்தது. குடாவின் காற்றை அறிந்த ஆள் வேண்டுமென்று மோமேயைக் கூப்பிட்டார்கள்.

"போப்போறியளோ?" வீப்கே கேட்டாள். "அவனைச் சுட்ட இடத்துக்கோ?"

"எனக்கு வேறை தொழில் தெரியாது பிள்ளை."

"தெருக் கூட்டுங்கோ. பிச்சை எடுங்கோ."

அவர் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹம்பேர்க்குக்குப் போனாள். திரும்பி வந்தது அவருடைய செத்தவீட்டுக்குத்தான்.

"'நான்தான் போகச் சொன்னன்' எண்டு அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டின பெட்டியை அவிட்டிருப்பன்" என்று வீப்கே என்னிடம் சொன்னார். இதை எழுது என்றும் சொன்னார்.

5

இனி எகர்ட் சொன்னது. ஐம்பத்தாறில் அவர் அந்தப் பள்ளியில் புது மாணவன்.

"அந்த இலையுதிர் காலத்திலை ஆல்வார்ட் எங்களுக்கு வாத்தியாராய் வந்தார். இறங்குதுறையிலை மாஸ்ரரைக் கண்டு கை நீட்டினார். மாஸ்ரர் ரெண்டு கையிலையும் கயிறு வைச்சிருந்தார். கயிறை விடேல்லை. அவ்வளவுதான். எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை.

"பேந்து ஒருநாள் ஆல்வார்ட்டும் எங்கடை படகிலை ஏறினார். நல்ல காற்று. நடுக்குடாவிலை மாஸ்ரர் பாயை இறக்கச் சொன்னார், இறக்கினம். துடுப்பை உள்ளுக்கு எடுக்கச் சொன்னார், எடுத்தம்."

"என்ன பயிற்சி இது, லோரென்சன்?" என்று கேட்டாராம் ஆல்வார்ட்.

"பயிற்சி இல்லை. என்ரை மகன் சென்கேக்கு என்ன நடந்தது எண்டு இந்தப் பிள்ளையளுக்குச் சொல்லும்."

"பாயை ஏத்தும். இது கட்டளை."

"நான் படையாள் இல்லை. சம்பளத்துக்கு நிக்கிறவன்."

படகு தன்பாட்டில் இழுபட்டது. பிள்ளைகள் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆல்வார்ட், "அந்த நேரத்திலை அதுதான் சட்டம். தீர்ப்பு எழுதினது நான் இல்லை. நான் கூட்டிக்கொண்டு போனது மட்டும்" என்றார்.

"ஓம்" என்று மோமே தலையாட்டினார். "நீர் கூட்டிக்கொண்டு போனது மட்டும்." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேளுங்கோ பிள்ளையள். இவர் வந்து கதவைத் தட்டினார். திறந்துவிட்டது நான். பெடியன் அக்கரைக்கு ஓடப் பாத்தவன். உன்ரை ஆக்கள்தானே, போ எண்டு சொன்னது நான். இந்தப் பள்ளிக்கூடத்தை நான் அவ்வளவு நம்பினனான். நாளைக்கு நீங்களும் ஆரின்ரையாவது கதவைத் தட்டுவியள். என்னைப் போலை ஒருத்தன் உங்களை நம்பித் திறப்பான். அதை மட்டும் யோசிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த வாரமே, கட்டளையை மீறியதற்காக மோமேயை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆல்வார்ட் பதவி உயர்ந்து, மரியாதையோடு ஓய்வு பெற்று, வாத்திய இசையோடு அடக்கம் செய்யப்பட்டார். படகில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நானும்தான்" என்றார் எகர்ட். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

"தெரியாது" என்றார் வீப்கே.

6

முடிவு அ: வீப்கே தகப்பனின் கல்லறையில் விழுந்து அழுகிறார். வாசித்துக் காட்டினேன். "நான் போகேல்லை. சரியான குளிர்."

முடிவு ஆ: பள்ளி மண்டபத்தில் இறந்தவர்களின் பெயர்ப்பலகையில் சென்கேயின் பெயரைப் பொறிக்கிறார்கள். "பொய் எழுதாதை. இண்டைக்கும் அங்கை அவன்ரை பெயர் இல்லை."

அப்படியானால் அன்று கடையில் உண்மையிலேயே நடந்தது: வீப்கே எகர்ட்டுக்குக் கோப்பி ஊற்றினார். கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டுப் போய் அவர் கையிலிருந்த குவளையை வாங்கினேன்.

"அதைச் சொல்லேக்கை அப்பா ஆரைப் பாத்தவர்?" என்று வீப்கே கேட்டார்.

எகர்ட் யோசித்தார். "எங்களை இல்லை. தண்ணியை."

நேற்று இந்தப் பக்கங்களை முழுவதும் வாசித்தேன். வீப்கே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படகு திரும்பி வந்ததை எழுதிப்போட்டியோ?"

"இல்லை. இனித்தான்."

"எழுதாதை" என்றார். "கரைக்கு வந்தால் அவர் வீட்டுக்கு வருவார். வீட்டிலை நான் இல்லை."

ஆகவே நான் நிறுத்துகிறேன். மோமே நடுக்குடாவில், பாய் இறக்கிய படகில், சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு இருக்கிறார். அவரைக் கரைக்குக் கொண்டுவருவதானால் நீங்கள்தான் கொண்டுவரவேண்டும். கொண்டுவந்தால், தயவுசெய்து, வீட்டில் யாராவது இருக்கட்டும்.