இரண்டு மாடிக்கு நடுவே ஒரு செவன்த்

...இல்லை, இது மைனர் இல்லை, மைனர் என்றால் லிஃப்ட் நின்று கதவு திறந்த பிறகு தரை இரண்டு விரல் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும்போது மனசு ஒரு சின்னக் குழியில் இறங்கி ஏறும், இதுவோ லிஃப்டும் தரையும் ஒட்டினாற்போல் வழவழவென்று நிற்கிறது, மேஜர், மேஜரேதான்... "மேஜர்" என்று சொல்லிவிட்டு, சலூன் நாற்காலியில் கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பழைய லிஃப்ட் மெக்கானிக் மூச்சை விட்டார். முதுகுக்குப் பின்னால் கீபோர்டில் கை வைத்திருந்த மைத்துனன், அந்தச் சலூனுக்கு முதலாளி, அதைச் சொல்லவே பல் வலிப்பதுபோல் "ம்" என்றான். விரல்கள் தெரிந்துவிடக் கூடாதென்று எதிரே இருந்த கண்ணாடிக்கு முடிவெட்டும் துணியைப் போர்த்தியிருந்தான், அடுத்தது கண்ணாடிக்குத்தான் கிராப்பு என்பதுபோல அதுவும் அடக்கமாக நின்றது. அவன் அமுக்கும் பத்துச் சுரக்கூட்டில், அதாவது கார்டில், ஏழின் பெயரைச் சரியாகச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூங்கா மேடையில் அவனோடு கிட்டார் வாசிக்கலாம், சொல்லாவிட்டால் மேடைக்குக் கீழே நாற்காலி அடுக்கலாம், அதுதான் பேச்சு. ஒன்பது முடிந்தது. ஆறு சரி, மூன்று தப்பு. அந்த மூன்றில் ஒன்று தப்பே இல்லை, மைனர் என்பதற்குப் பதில் வாய் தவறி "ரெண்டு விரல் தாழ்வு" என்று சொல்லிவிட்டார், செல்லாது என்றான் பாவி, பெஞ்சில் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்கு வைத்த மனைவி தன் தம்பியோடு மல்லுக்கு நின்றும் பயனில்லை.

மூன்று மாதத்துக்கு முன் எல்லாக் கார்டும் அவர் காதுக்கு ஒன்றுதான், மூன்று நான்கு சுரத்தைச் சேர்த்து அமுக்கினால் ஒரு சத்தம் வரும், அவ்வளவு. மைத்துனனோ எதையும் எழுதிவைக்க மாட்டான், பாட்டு எங்கே திரும்பும் என்பது அவன் விரலுக்கு மட்டும் தெரியும், கூட வாசிப்பவன் காதாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மேஜர் சிரிக்கும், மைனர் அழும் என்று போன் வீடியோவில் ஒருவர் பாடம் நடத்தினார், ஒரு மாதம் கேட்டும் எது சிரிக்கிறது எது அழுகிறது என்று பிடிபடவில்லை, கடைசியில் மனைவிதான் காய் நறுக்கியபடியே வழி சொன்னாள்: "சிரிப்பு அழுகையெல்லாம் உங்களுக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்கு? லிஃப்ட்டுன்னு நெனச்சுக் கேளுங்க." கேட்டார். காது திறந்துகொண்டது. திறக்காமல் என்ன செய்யும், முப்பத்தைந்து வருஷம் காதாலேயே பழுது பார்த்த மனுஷன், ஒருமுறை டெலிபோனில் லிஃப்டின் முனகலை மட்டும் கேட்டு, உள்ளே ஏழு பேர், அதில் ஒருவர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவர் என்று சொன்னவர், முதலாவது சரியாக இருந்தது, இரண்டாவதை விசாரிக்க ஏழு பேரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை... சரி, இப்போது அதெல்லாம் எதற்கு, பத்தாவது வருகிறது, வரட்டும்.

வந்தது. அட, இதுவா, இது மூன்றாம் மாடியும் இல்லை நான்காம் மாடியும் இல்லை, நடுவில் நிற்கிறது, ஒரு விரல்கடை ஏறினால் போதும், ஏறவில்லை, எவ்வளவு தெரிந்த சத்தம், பெயர் என்ன, பெயர்... மைத்துனன் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான், சத்தம் தொங்கிக்கொண்டே இருந்தது, உள்ளே ஆள் இருக்கிறார்களே, யாராவது போக வேண்டாமா, பெயரைச் சொல்லடா மடையா, வாயைத் திற... வாய் திறக்கவில்லை, கை போய்விட்டது. தொங்கிய சத்தம் போய் இறங்க வேண்டிய ஸி மேஜர் கிட்டாரில் தானாக விழுந்தது, கதவு திறந்தது, எல்லோரும் பத்திரமாக வெளியே வந்தார்கள், அவருக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி.

மைத்துனன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பெயர் சொல்லவில்லை, ஆகவே செல்லாது, நாற்காலி எத்தனை இருக்கும், இருநூறா?

"அத்தான், பேரச் சொல்லுங்கன்னா வேலையவே முடிச்சுட்டீங்க," என்றான் மைத்துனன்.

"செவன்த்துடா," என்றார், தொங்கி நிற்கும் அந்தக் கார்டின் பெயர் இப்போதுதான் வாய்க்கு வந்தது.

"அதை யாரு கேட்டா இப்போ? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்துடுங்க. அக்கா, கணக்க முடிச்சுக்க."

மனைவி ஏழாவது விரலை மடக்கினாள், மடக்கிய கையை விரிக்காமலே வைத்துக்கொண்டாள், சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல. அவருக்கு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல் இருந்தது, சுற்றினார், யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள், ஒரு சுற்று, இன்னொன்று, இரண்டாவது சுற்றில்தான் அது தோன்றியது: அவர் கை போவதற்கு முன்னால், அந்தச் சத்தம் தொங்கிய இரண்டு மூன்று நொடி, அதில் நிற்பது எவ்வளவு நன்றாக இருந்தது, எதற்கு அப்படி அவசரப்பட்டோம்... வேலையில் இருந்த காலத்தில் ஒரு மழைநாளில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை, கணக்கு எழுதும் பெண்ணையும் ஐந்தாம் மாடிப் பல் டாக்டரையும், வியர்க்க விறுவிறுக்க அவர் விடுவித்தபோது, இருவரும் ஏன் அப்படி அவரை முறைத்தார்கள்?